ஹேசல் க்ரீக்: பழைய டோப்போ தாள்களில் ஒரு மலைவீட்டைத் தேடுகிறேன்

மலைத்தடம் | ஜனவரி 11

எல்லோருக்கும் வணக்கம். டென்னசி மாநிலம் நாக்ஸ்வில்லிலிருந்து எழுதுகிறேன். கேள்வி கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் பக்கத்து வீட்டுப் பாட்டிக்கு எண்பத்துநாலு வயது. ஸ்மோக்கி மலைகளின் தெற்குச் சரிவில், வட கரோலினா பக்கத்து ஹேசல் க்ரீக் ஓடைக்கரையில் பிறந்தவர். ஃபான்டானா அணையில் தண்ணீர் தேக்குவதற்காக 1944இல் அந்தப் பகுதி காலியானபோது அவருக்கு மூன்று வயது. லாரியில் ஏற்றிய கோழிக்கூண்டு மட்டும்தான் நினைவில் இருக்கிறதாம். வீடு எங்கே இருந்தது என்பதற்கு அவர் அண்ணன் சாகும்வரை சொல்லிவந்த அடையாளம் ஒன்றுதான்: "ப்ராக்டர் தாண்டிப் போனால் இடக்கைப் பக்கம் இரண்டாவது பிராஞ்ச். அதில் ஏறினால் மூன்றாவது வீடு." ப்ராக்டர் அந்த ஓடைக்கரை ஊர், பிராஞ்ச் என்பது ஏதோ கிளையோடை.

யு.எஸ்.ஜி.எஸ். எனப்படும் அமெரிக்க நிலவியல் ஆய்வு அமைப்பின் டோப்போவியூ தளத்தில் பழைய டோப்போ தாள்களை, அதாவது மலையும் நீரும் குறித்த நிலவமைப்பு வரைபடங்களை, இலவசமாகவே தருகிறார்கள். மூன்று காலத்துத் தாள்களை இறக்கினேன். 1890களின் தாளில் வீடே இல்லை, மலைமுகடுகளின் வடிவமும் இன்றைய படத்தோடு ஒட்டவில்லை. அணைக்கு முந்தைய 1:24,000 தாளில் ஓடையோரம் கறுப்புச் சதுரங்கள் வரிசையாக நிற்கின்றன. அணைக்குப் பிந்தைய தாளில் ஒரே பச்சை. அங்கங்கே 'கல்லறை' என்பதன் சுருக்கெழுத்து மட்டும் மிஞ்சியிருக்கிறது.

அப்படியானால் 1890களில் அங்கே யாரும் குடியிருக்கவில்லையா? இடப்பக்க இரண்டாவது பிராஞ்சில் எனக்கு ஒரு சதுரம்கூடத் தென்படவில்லை. எங்கே தவறுகிறேன்?

நிலஅளவர்_சேலம் | ஜனவரி 11

தம்பி, முதலில் அளவையைப் பாருங்கள். 1890களின் தாள் 1:125,000. படத்தில் ஒரு மில்லிமீட்டர் என்பது தரையில் 125 மீட்டர். அந்த மலைவீடுகள் இரண்டு அறை, ஒரு திண்ணை. அவற்றைக் குறிக்கத் தாளில் இடமே கிடையாது. ஆகவே வீடு வரையப்படவில்லை என்பதை வைத்து வீடு இல்லை என்று முடிவுகட்டாதீர்கள். ஹேசல் க்ரீக்கில் ப்ராக்டர் குடும்பம் 1830 வாக்கிலேயே வந்து குடியேறிவிட்டது.

முகடுகள் ஒட்டாததற்கும் காரணம் உண்டு. யு.எஸ்.ஜி.எஸ். தொடங்கியது 1879. நாடு முழுவதையும் வரையும் திட்டத்தை 1880களில் முடுக்கிவிட்டவர் அதன் இரண்டாவது இயக்குநர் ஜான் வெஸ்லி பவல். அன்றைய அளவர் ஓர் உச்சியில் ஏறி முக்காலி மேல் பிளேன் டேபிளை, அதாவது வரைபலகையை, வைப்பார். அலிடேடு என்ற குறிபார்க்கும் அளவுகோல் வழியாகத் தூரத்து உச்சிகளைப் பார்த்துக் கோடு இழுப்பார். பார்வைக்கு எட்டிய சில புள்ளிகளுக்குத்தான் உண்மையான உயரம் கிடைக்கும். நடுவே உள்ள சரிவுகளைக் கண்ணால் மதித்துக் கையால் வரைவார். அந்தத் தாள்களில் சமவுயரக் கோடுகளின் இடைவெளி 100 அடி. ஆள் நுழைய முடியாத ரோடோடென்ட்ரான் புதர்க்காட்டில் அடுத்த பள்ளத்தாக்கு எப்படித் திரும்புகிறது என்பதை அவர் ஓரளவு ஊகித்துத்தான் வரைந்திருப்பார்.

நானும் முப்பத்தோரு ஆண்டு சங்கிலியும் லெவலும் தூக்கியவன். அந்த மலையில் அந்தக் கருவிகளோடு அவர்கள் இவ்வளவு சரியாக வரைந்ததே எனக்கு வியப்பு. வரைந்ததைச் செப்புத் தகட்டில் செதுக்கி, ஊர் விவரம் கறுப்பு, நீர் நீலம், மலை பழுப்பு என்று மூன்று நிறத்தில் அச்சிட்டார்கள். கிடைத்தால் பெரிதாக்கிப் பாருங்கள், அந்தக் கோடுகளின் மெலிவு கண்ணில் ஒற்றிக்கொள்ளும்படி இருக்கும்.

திசைகாட்டி | ஜனவரி 12

அண்ணா, நான் ஜிஐஎஸ், அதாவது கணினி வரைபடவியல், படிக்கிற மாணவன். மூணு தாளையும் கியூஜிஐஎஸ்ங்கிற வரைபட மென்பொருள்ல ஒண்ணு மேல ஒண்ணு போட்டுப் பாருங்க. டோப்போவியூல ஜியோடிஃப்ங்கிற கோப்பு வடிவத்துல எடுத்தா இடப்பொருத்தம் ஏற்கெனவே செஞ்சிருக்கும்.

ஒண்ணு மட்டும் கவனம். அணை காலத்துத் தாள்கள் 1927 டேட்டம்ல (இடத்தைக் கணக்கிடுற அடிப்படை) இருக்கும், உங்க ஜிபிஎஸ்ல இருக்கிறது டபிள்யூஜிஎஸ் 84ங்கிற வேற டேட்டம். தாள்ல இருக்கிற யுடிஎம் எண்ணை, அதாவது மீட்டர்ல சொல்ற இடக்குறியீட்டை, அப்படியே கருவியில அடிச்சா வடக்கு தெற்கா சுமார் 200 மீட்டர் தள்ளிப் போயிடும். அந்த மலையில 200 மீட்டர்னா அடுத்த ஓடைக்கே போயிடுவீங்க.

இன்னொண்ணு, ஹேசல் க்ரீக் ஒரே தாள்ல அடங்காது. 1890கள்ல கீழ்ப்பகுதி நான்டஹேலா தாள், மேல்பகுதி நாக்ஸ்வில் தாள். 1:24,000லயும் கீழே டஸ்கீஜீ, மேலே தண்டர்ஹெட் மவுன்டன். ஊர் சரியா ஓரத்துல உக்காந்திருக்கு. ரெண்டையும் ஒட்டிப் பாக்காம "இரண்டாவது பிராஞ்ச்"னு எண்ண முடியாது.

செங்காந்தள் | ஜனவரி 13

ஷார்லட்டில் இருக்கிறேன். குடும்ப வரலாறு தேடுபவர்களுக்கு ஆவணக்காப்பகத்தில் உதவுவது என் ஓய்வுநேர வேலை. மலைத்தடம், நீங்கள் தேடும் இடம் எனக்கு மிக நெருக்கமானது, அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

ஹேசல் க்ரீக்கைத் தேடி வருகிற எல்லோரும் ஒரு தவறு செய்கிறார்கள். முதல் தாளில் ஆளில்லாத மலை, இரண்டாம் தாளில் வீடுகள், மூன்றாம் தாளில் காடு. ஆக ஊர் வளர்ந்தது, பிறகு அணை அழித்தது என்று கதையை முடித்துவிடுகிறார்கள். உண்மையான ப்ராக்டர் இந்த மூன்று தாளிலும் இல்லை.

டபிள்யூ. எம். ரிட்டர் மரக்கம்பெனி ஹேசல் க்ரீக்கில் மரம் வெட்டியது 1910 முதல் 1928 வரை. அந்தப் பதினெட்டு ஆண்டுகளில் ப்ராக்டர் ஆயிரம் பேருக்கு மேல் வாழ்ந்த ஆலை நகரம். ஓடையோடு ரயில் ஏறியது. பெரிய அறுப்பாலை, மரத்துண்டுகள் மிதக்கும் குளம், கடைகள், பள்ளிக்கூடம், தேவாலயம் எல்லாம் இருந்தன. வெட்ட மரம் தீர்ந்ததும் கம்பெனி கிளம்பியது, தண்டவாளத்தையும் பெயர்த்துக்கொண்டது. 1890களின் அளவர் வந்தபோது இவற்றில் எதுவும் தொடங்கவில்லை. அணைக்கு முந்தைய தாளுக்காக விமானப் படம் எடுத்த 1930களில் எல்லாம் முடிந்திருந்தது. அந்தத் தாளில் நீங்கள் பார்க்கும் கறுப்புச் சதுரங்கள், கம்பெனி போன பிறகும் ஊரை விடாமல் தங்கியவர்களுடைய வீடுகள். பாட்டியின் குடும்பமும் அவர்களில் ஒன்றாக இருக்க வேண்டும். ஊரின் உச்சக் காலம் இரண்டு அளவைகளுக்கு நடுவே விழுந்துவிட்டது.

இதில் இன்னொரு பொறியும் உண்டு. 1890களின் தாளையே பல முறை மறுபதிப்புச் செய்திருக்கிறார்கள். கீழே மறுபதிப்பு ஆண்டைப் பார்த்துவிட்டு ரிட்டர் காலத்துத் தாள் கிடைத்துவிட்டது என்று துள்ளியவர்களை நான் அறிவேன். அச்சான ஆண்டு வேறு, அளந்த ஆண்டு வேறு. தாளின் கீழ் ஓரத்துச் சிறிய எழுத்தைப் படிக்காமல் மேலே உள்ள எதையும் நம்பாதீர்கள்.

ஒற்றைக்கல் | ஜனவரி 13

மன்னிக்கவும், இந்தத் தாள்களுக்கு இவ்வளவு மரியாதை தேவையா என்பது என் கேள்வி. வெளியிலிருந்து வந்தவர்கள் வெளியிலிருந்து வருபவர்களுக்காக வரைந்தவை இவை. செரோக்கி மக்கள் 'குவோஹி' என்று அழைத்த உச்சிக்கு ஓர் அரசியல்வாதியின் பெயரைச் சூட்டி 'கிளிங்மன்ஸ் டோம்' ஆக்கினார்கள். எல்லாத் தாளிலும் அந்தப் பெயர்தான். பழைய பெயர் அதிகாரபூர்வமாகத் திரும்பி வர 2024 செப்டம்பர் வரை ஆனது. 1838இல் அந்த மக்களில் பெரும்பாலோரைத் துரத்தினார்கள். அரை நூற்றாண்டு கழித்து வந்து, அவர்கள் இல்லாத மலையை அளந்து பெயர் வைத்தார்கள். இதில் எதை நம்புவது?

செங்காந்தள் | ஜனவரி 14

ஒற்றைக்கல், உங்கள் கோபம் நியாயமானது. நான் மறுக்கப்போவது கடைசி வரியை மட்டும்தான்.

பெயர்களைப் பொறுத்தவரை எல்லாமே ஒரே கையால் திணித்தவை அல்ல. நான்டஹேலா, டக்கசீஜீ, கட்டலூச்சி எல்லாம் செரோக்கி மொழிச் சொற்கள், உச்சரிப்பு திரிந்தாலும் நின்றுவிட்டன. ஹேசல் க்ரீக் பக்கத்துச் சிறு பெயர்கள் அங்கே குடியிருந்தவர்கள் வாயில் பிறந்தவை. 'எலும்புப் பள்ளத்தாக்கு' என்று ஓர் ஓடை இருக்கிறது. பனிப்புயலில் மாட்டி விறைத்துச் செத்த மாடுகளின் எலும்பு நெடுநாள் அங்கே கிடந்ததாம்.

1930களின் தொடக்கத்தில் ஸ்மோக்கி மலைத் தேசியப் பூங்காவுக்காகப் பெயர்களை ஒழுங்குபடுத்தியபோது வட கரோலினா பக்கம் உழைத்த இருவரைச் சொல்ல வேண்டும். ஒருவர் ஹொரேஸ் கெப்ஹார்ட். 1904இல் ஹேசல் க்ரீக்கின் சுகர் ஃபோர்க்கில், மூடிக்கிடந்த செப்புச் சுரங்கத்தை ஒட்டிய குடிசையில் வந்து தங்கியவர். மற்றவர் ஜப்பானில் பிறந்து ஆஷ்வில்லில் புகைப்படக் கடை வைத்திருந்த ஜார்ஜ் மாசா. சைக்கிள் சக்கரத்தில் தூரமானி பொருத்தி அதை உருட்டிக்கொண்டே மலைத்தடங்களை மைல் மைலாக அளந்தவர். ஒரே பெயரில் பல ஓடை, பல முகடு என்றிருந்த குழப்பத்தை அவர்கள் பிரித்தார்கள். கெப்ஹார்ட் 1931இல் இறந்தார், மாசா 1933இல். பூங்கா முறையாக நிறுவப்பட்ட 1934ஐ இருவருமே பார்க்கவில்லை.

தாள் யாருக்காக வரையப்பட்டது என்று கேளுங்கள், கட்டாயம் கேட்க வேண்டும். ஆனால் ஊரை இழந்தவர்களின் பேரப்பிள்ளைகள் இன்று கையில் பிடித்துக்கொண்டு வருவதும் அதே தாளைத்தான்.

மலைத்தடம் | ஜனவரி 19

எல்லோருக்கும் நன்றி. திசைகாட்டி சொன்னபடி இரண்டு தாளையும் ஒட்டிப் பெரிதாக அச்செடுத்துப் பாட்டியின் சாப்பாட்டு மேசையில் விரித்தேன். அவர் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுத் தாளுக்கு அருகே குனிந்து, ஓடையின் பெயர்களை ஒவ்வொன்றாக வாசித்தார். வாசிக்க வாசிக்க அவர் பேச்சே மாறிவிட்டது. நாக்ஸ்வில் பேச்சு போய் மலைப்பேச்சு வந்தது.

இதைக் கேட்க வெட்கமில்லை: பிராஞ்ச், ப்ராங், ஃபோர்க், க்ரீக் இவற்றுக்குள் என்ன வேறுபாடு? இடப்பக்கம் நான் எண்ணிய பிராஞ்ச் சரிதானா என்றே சந்தேகமாக இருக்கிறது.

நிலஅளவர்_சேலம் | ஜனவரி 19

நீங்கள் எந்தப் பக்கத்தை இடப்பக்கம் என்று எண்ணினீர்கள்?

மலைத்தடம் | ஜனவரி 19

ஆற்றின் இடக்கரை ஐயா. நீர் ஓடும் திசையைப் பார்த்து நின்றால் இடக்கைப் பக்கம். பள்ளியில் அப்படித்தானே படித்தோம்.

நிலஅளவர்_சேலம் | ஜனவரி 19

அங்கேதான் பிசகு. அது புவியியல்காரர் கணக்கு. அண்ணன் சொன்னது "ப்ராக்டர் தாண்டிப் போனால்". அவர் ஓடைக்கு எதிராக மேலே நடந்துபோகிறார். அவருடைய இடக்கை உங்கள் வலக்கரை. நீங்கள் எதிர்க்கரையில் தேடிக்கொண்டிருக்கிறீர்கள்.

செங்காந்தள் | ஜனவரி 20

ஐயா சொன்னதேதான். அந்த மலைக்காரர்கள் வழி சொல்லும்போது மேலே ஏறுவதாகவே வைத்துச் சொல்வார்கள்.

சொற்களைப் பற்றி: க்ரீக் என்பது பெரிய ஓடை. அது மேலே இரண்டாகப் பிரிந்தால் ஒவ்வொரு பிரிவும் ஃபோர்க் அல்லது ப்ராங். அதில் வந்து விழும் சிற்றோடை பிராஞ்ச், பெரும்பாலும் ஒரு குடும்பம் அல்லது இரண்டு குடும்பம் அண்டி வாழும் அளவு தண்ணீர். மூன்று பக்கமும் மலை சூழ்ந்த சிறு சமவெளி கோவ். முகட்டில் தாழ்ந்து வழிவிடும் இடம் கேப், நம் கணவாய்தான். மரமில்லாமல் புல் மட்டும் முளைத்த உச்சிக்கு பால்ட், அதாவது மொட்டை.

தாளில் எல்லா பிராஞ்சுக்கும் பெயர் எழுதியிருக்க மாட்டார்கள். பெயரில்லாத நீலக்கோட்டையும் சேர்த்து எண்ணுங்கள்.

மலைத்தடம் | ஜனவரி 20

கிடைத்துவிட்டது என்றே நினைக்கிறேன். எதிர்க்கரையில், பெயர் எழுதாத இரண்டாவது நீலக்கோட்டோரம் மூன்று கறுப்புச் சதுரங்கள். மூன்றாவது 2,040 அடிக்கோட்டுக்கும் 2,080 அடிக்கோட்டுக்கும் நடுவே இருக்கிறது.

இப்போது எனக்குப் புரியாதது வேறொன்று. ஃபான்டானா அணையின் ஏரி நிரம்பினாலே கடல்மட்டத்துக்கு மேல் சுமார் 1,700 அடிதான். இந்த வீடு அதைவிட 300 அடிக்கு மேல் உயரத்தில் இருக்கிறது. தண்ணீர் அங்கே எட்டவே இல்லை. பிறகு ஏன் காலி செய்தார்கள்?

திசைகாட்டி | ஜனவரி 21

நானும் பாத்தேன் அண்ணா. அணைக்கு முந்தைய தாள்ல கோடு 40 அடிக்கு ஒண்ணு, அதனால 1,680க்கும் 1,720க்கும் நடுவுல பென்சில்ல இழுத்தா ஏரிக்கரை கிட்டத்தட்ட வந்துடுது. இழுத்ததும் ஒண்ணு தெரிஞ்சது. லிட்டில் டென்னசி ஆத்தங்கரையோட போன 288ஆம் எண் மாநில நெடுஞ்சாலை பென்சில் கோட்டுக்குக் கீழ போயிடுச்சு. அதுதான் காரணமோ?

செங்காந்தள் | ஜனவரி 22

அதேதான். வீடுகளில் பல மூழ்கவில்லை, வெளியே போகும் சாலைதான் மூழ்கியது.

வரலாற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன். டிவிஏ எனப்படும் டென்னசி பள்ளத்தாக்கு ஆணையம் 1933இல் உருவானது. உலகப்போருக்கு அலுமினியம் செய்ய மின்சாரம் தேவை என்று 1942 ஜனவரியில் ஃபான்டானா அணை வேலையை இரவுபகலாகத் தொடங்கினார்கள். 480 அடி உயரம். 1944 நவம்பரில் நீர் தேக்கத் தொடங்கினார்கள். போர்க்காலத்தில் புதுச் சாலை போட இரும்பும் இல்லை, ஆளும் இல்லை. ஆகவே வடகரையில் 44,000 ஏக்கரை மொத்தமாக வாங்கிப் பூங்காவோடு சேர்ப்பது என்று 1943இல் ஒப்பந்தம் போட்டார்கள். ஒப்பந்தத்தில் மத்திய அரசும் வட கரோலினா மாநிலமும் ஸ்வெய்ன் கவுன்டியும் டிவிஏவும் இருந்தன. போர் முடிந்ததும் வடகரையில் புதுச் சாலை போட்டுத் தருவோம் என்பது அதில் உள்ள உறுதி.

பிரைசன் சிட்டியிலிருந்து பூங்காவுக்குள் சுமார் 6 மைல் போட்டார்கள். 1,200 அடி நீளச் சுரங்கம் ஒன்று குடைந்தார்கள். அதற்குச் சற்றுத் தள்ளி 1970களில் வேலை நின்றது. வெட்டிய பாறையிலிருந்து அமிலம் கசிந்து ஓடைகளைக் கெடுக்கிறது என்பது முக்கியக் காரணம். இன்றைய தாளை எடுத்துப் பாருங்கள், சாலைக் கோடு சுரங்கத்தைத் தாண்டியதும் அப்படியே அறுந்து நிற்கும். ஊர்க்காரர்கள் 'எங்கும் போகாத சாலை' என்று பெயர் வைத்துவிட்டார்கள். சாலைக்குப் பதில் கவுன்டிக்கு 5.2 கோடி டாலர் தருவதாக 2010இல் தீர்வு எட்டியது. முழுப்பணமும் வந்துசேர 2018 ஆனது.

ஒற்றைக்கல்லுக்கு ஒரு வார்த்தை. அணைக்கு முந்தைய 1:24,000 தாள்களுக்கு விமானப் படங்களிலிருந்து வேலை செய்தது டிவிஏவின் வரைபடப் பிரிவுதான். அந்தச் சதுரங்களை இவ்வளவு கவனமாகக் குறித்த நிறுவனமேதான் பிறகு அந்த நிலங்களை வாங்கியது. இதைத் தெரிந்துகொண்டுதான் நான் அவற்றைப் பார்க்கிறேன். மலைத்தடம், நிலம் வாங்கியபோது தயாரித்த மனைவாரி வரைபடங்கள் டிவிஏ ஆவணங்களோடு அட்லான்டா தேசிய ஆவணக்காப்பகத்தில் இருக்கின்றன. குடும்பப் பெயரோடு தேடுங்கள்.

ஒற்றைக்கல் | ஜனவரி 22

இதைப் படித்தபின் அந்த மூன்றாவது தாளை மறுபடி திறந்து பார்த்தேன். பச்சைக்கு நடுவே கல்லறைகளை மட்டும் ஏன் விட்டுவைத்தார்கள்?

செங்காந்தள் | ஜனவரி 23

அவற்றை அழிக்க முடியவில்லை, அதனால். நீருக்குள் போகும் இடங்களிலிருந்து ஆயிரத்துக்கு மேற்பட்ட உடல்களைத் தோண்டி எடுத்து வேறிடம் மாற்றினார்கள். நீர்மட்டத்துக்கு மேலே இருந்தவை, இருபதுக்கு மேற்பட்ட இடுகாடுகள், அங்கேயே இருக்கின்றன. சாலை வராததால் 1970களின் பிற்பகுதியில் குடும்பங்கள் ஒன்றுகூடிக் குரல் கொடுத்தன. அன்று முதல் பூங்கா நிர்வாகம் ஆண்டுதோறும் படகில் ஏரியைக் கடத்திக் கூட்டிப்போகிறது. கல்லறை அலங்கார நாள் என்பார்கள். மேட்டைச் சீவி, மண் அணைத்து, பூ வைத்து, பாட்டுப் பாடி, கொண்டுபோன சாப்பாட்டை எல்லோரும் உட்கார்ந்து சாப்பிட்டுத் திரும்புவார்கள்.

மலைத்தடம் | மார்ச் 30

போய்வந்துவிட்டேன். இழையைத் தேடிப்பிடித்து எழுதுகிறேன்.

நண்பர் ஒருவரோடு ஃபான்டானா படகுத்துறையிலிருந்து படகில் ஹேசல் க்ரீக் முகத்துக்குப் போய், ப்ராக்டரில் 86ஆம் எண் முகாமில் ஓர் இரவு தங்கினோம். ஏரி இன்னும் முழுக்க ஏறவில்லை. கோடைக்கும் குளிருக்கும் 50 அடிக்கு மேல் ஏறி இறங்குமாம். கரையெல்லாம் செம்மண் வரி வரியாகத் தெரிந்தது. ப்ராக்டரில் நிற்கும் வீடு ஒன்றே ஒன்று, கால்ஹூன் வீடு. அதைத் தாண்டினால் காட்டுக்குள் ஆலையின் செங்கல் சுவர்கள், ஊடே வளர்ந்த பெரிய மரங்கள். செங்காந்தள் சொன்ன ஆயிரம் பேர் ஊரை அந்தச் சுவரில் கை வைத்தபோதுதான் நம்ப முடிந்தது.

மறுநாள் காலை இரண்டாவது பிராஞ்சில் ஏறினோம். பாதை கிடையாது, ஓடைக்கல் மேலேயே நடந்தோம். முதல் சதுரத்தின் இடத்தில் ஒன்றும் தெரியவில்லை. இரண்டாவதில் அடுக்கிய கல் ஒரு வரிசை. மூன்றாவதை ஜிபிஎஸ் காட்டிய இடத்தில் வெறும் சரிவு, மனம் விட்டுப்போனது. நண்பர்தான் மேலே கையைக் காட்டினார். இலையுதிர்ந்த காட்டுக்கு நடுவே மஞ்சளாக ஒரு நேர்வரிசை. டாஃபடில் பூக்கள். காட்டில் அவை தானாக நேர்வரிசையில் முளைக்காது. யாரோ வாசலோரம் கிழங்கு ஊன்றியிருக்கிறார்கள். அதற்குப் பின்னால் சரிந்த புகைபோக்கிக் கல்குவியல், வீட்டோரம் நடுகிற பாக்ஸ்வுட் செடி ஒன்று.

எதையும் எடுக்கவில்லை, பூங்காவில் எடுக்கக் கூடாது. படம் மட்டும் எடுத்தேன்.

நிலஅளவர்_சேலம் | மார்ச் 30

தம்பி, மிக நல்ல வேலை. சதுரத்துக்கும் புகைபோக்கிக்கும் எவ்வளவு தூரம்?

மலைத்தடம் | மார்ச் 31

நாற்பத்தைந்து தப்படி ஐயா, மேட்டுப் பக்கம்.

நிலஅளவர்_சேலம் | மார்ச் 31

அப்படியானால் இரண்டு வாய்ப்பு. 1941இல் வகுத்த துல்லிய நெறிப்படி 1:24,000 தாளில் தெளிவான புள்ளிகளில் பத்தில் ஒன்பது 40 அடிக்குள் இருக்க வேண்டும். நாற்பத்தைந்து தப்படி அதைவிட அதிகம். காட்டு நிழலில் விமானப் படம் தவறவிட்டிருக்கலாம். அல்லது அந்தச் சதுரம் வீடே அல்ல. நிரப்பிய சதுரம் என்றால் வீடு, வெறும் கோட்டால் வரைந்தது என்றால் கொட்டகை. அச்சைப் பெரிதாக்கிப் பாருங்கள்.

மலைத்தடம் | ஏப்ரல் 2

பார்த்தேன். நிரப்பிய சதுரம்தான், குழப்பம் தீரவில்லை. பாட்டியிடம் கேட்டேன். பூக்களின் படத்தை வெகுநேரம் பார்த்துவிட்டு, பெரியம்மா வீடு கீழே, எங்கள் வீடு அதற்கு மேலே மரத்துக்கடியில் என்று அண்ணன் சொன்னதாகச் சொன்னார். அப்படியானால் மூன்றாவது சதுரம் பெரியம்மா வீடு. பாட்டி வீடு தாளிலேயே இல்லை. அச்செடுத்த தாளில் பென்சிலால் ஒரு சதுரம் போட்டிருக்கிறேன்.

அந்தப் பெயரில்லாத நீலக்கோட்டுக்கு அவர்கள் வீட்டில் ஒரு பெயர் வைத்திருந்தார்களாம், அதையும் சொன்னார். எழுத்துக்கூட்டு அவருக்கே சரியாகத் தெரியவில்லை. இந்தக் கோடையில் அலங்கார நாள் படகில் அவரைக் கூட்டிப்போகப் பதிவு செய்யப்போகிறேன். அண்ணன் மகனும் வருகிறார். அவரிடம் கேட்டுவிட்டு எழுதுகிறேன்.